மாடிக் குளியலறையின் மூலை

அடுப்படியில் இருந்த பூஜை அலமாரியின் பின்சுவர் ஈரமாக இருப்பதை முதலில் பார்த்தவர் சாம்பசிவம். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, துணியால் துடைத்து, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். மதியம் சாப்பாடு போட வந்தபோதுதான் அனந்தலக்ஷ்மி அதைக் கவனித்தாள்.

"ஏன்னா, சுவாமியெல்லாம் ஏன் இங்க வந்திருக்கார்?"

"அங்க நனையறார்."

பசுமலையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் சாம்பசிவம்தான் குருக்கள். கோயிலில் மந்திரம் சொல்லுகிற வாய், வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொண்டுவிடும். கோபம் வந்தால் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். அனந்தலக்ஷ்மிக்கு அது பழகிவிட்டது. அவள் அடுப்படிக்குப் போய் அலமாரிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு ஈரமாகக் கையோடு வந்தது.

மாடியில்தான் கோளாறு. குளியலறை அலமாரிக்கு நேர்மேலே வராமல் தள்ளித்தான் கட்டியிருந்தார்கள். ஆனாலும் அங்கே விழுகிற தண்ணீர் எப்படியோ சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிளம்பர் ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு முறையும் தரையும் சுவரும் சேருகிற மூலையில் வெள்ளைச் சிலிக்கான் பசையைப் பிதுக்கித் தடவிவிட்டு, "இனிமே ஒழுகாதும்மா" என்றார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது உள்ளேகூட வரவில்லை. வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடியே, "மொத்த டைல்ஸையும் உடைச்சு எடுத்தாத்தாம்மா சரிவரும். பதினஞ்சு நாள் வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அனந்தலக்ஷ்மிக்கு அதை நினைத்தாலே தலை சுற்றியது. தூசி, சத்தம், படியெல்லாம் சிமெண்ட் மூட்டை. அதற்கும் மேலாக, மாடியில் குடியிருக்கிற முத்துமீனாவை அந்தப் பதினைந்து நாளும் எங்கே போகச் சொல்வது?

முத்துமீனா கால்நடை மருத்துவர். வாடிப்பட்டிப் பக்கம் அரசு மருந்தகத்தில் வேலை. காலையில் ஸ்கூட்டரில் போனால் சாயங்காலம் சாணி வாசத்தோடு திரும்பி வருவாள். கணவன் விக்ரம் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீடு கேட்டு வந்தபோது, அனந்தலக்ஷ்மி எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்: "கொட்டாம்பட்டிப் பக்கம் எங்க ஊரு மாமி. எங்க தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவங்க வயல்ல கூலி வேலை. அப்பாதான் ஒரு ஏக்கர் வாங்குனாரு. எந்த ஆளுங்கன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அப்பறமா தெரிஞ்சு சங்கடப்பட வேணாம் பாருங்க, அதான் மொதல்லயே சொல்லிட்டேன்."

அனந்தலக்ஷ்மி அன்றே சாவியைக் கொடுத்துவிட்டாள். சாம்பசிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியில் பார்த்தால் மரியாதையாகத் தலையசைப்பார். ஆனால் அவள் குடிவந்ததிலிருந்து மாடிப்படியில் அவர் கால் வைத்ததில்லை. கேட்டால் முட்டி வலி என்பார்.

அன்று சாயங்காலம் அனந்தலக்ஷ்மி மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். முத்துமீனா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈர முகத்தோடு அப்படியே கீழே வந்து, கூடத்து வாசலில் நின்று, டிவிக்குப் பக்கத்தில் இருந்த படங்களைப் பார்த்தாள். சாம்பசிவம் கோயிலுக்குப் போயிருந்தார்.

"இம்புட்டு நாளா ஒழுகுதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி."

"உன்மேல என்ன தப்பு? நீ குளிக்காம இருக்க முடியுமா?"

"டைல்ஸை உடைக்கணும்னு யாரு சொன்னா? எந்த வழியா எறங்குதுன்னு மொதல்ல பாப்போம்."

மாட்டுப் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, குளியலறையின் வலதுபக்க மூலையில் மட்டும் மெதுவாக ஊற்றிவைத்தாள். மறுநாள் காலையில் சாம்பசிவம் விபூதி எடுக்க அலமாரியைத் திறந்தார். பின்சுவரில் ஊதா நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது.

"அனந்தம்! என்னடி இது, சுவர் நீலம் பாரிச்சுக் கிடக்கு?"

அவர் இப்படிச் சத்தம் போட்டு அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கம் சொன்னாள். சாம்பசிவம் அந்தக் கோட்டை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"மாட்டு மருந்தா?" என்றார். "கெட்டிக்காரிதான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முத்துமீனா ஹார்டுவேர் கடைக்குப் போய்வந்தாள். சனிக்கிழமைக்கு விடுப்பு சொல்லிவிட்டாள். காலையில் அனந்தலக்ஷ்மி காபியை முடித்துக்கொண்டு மேலே போனபோது, குளியலறைத் தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருந்தாள். ஒரு கட்டர், தலைமுடி காயவைக்கிற டிரையர், காலாவதியான ஏடிஎம் கார்டு, ஒரு இடுக்கி, பஞ்சு, ஒரு பாட்டில் ஸ்பிரிட்.

"புது சிலிக்கான் எங்கே?"

"அது நாளைக்குத்தான் மாமி. இன்னைக்குப் பூரா பழசை எடுக்குற வேலை."

"ஒரு நாள் பூராவுமா?"

"பழைய சிலிக்கான் மேல புதுசு ஒட்டாது. எண்ணெய்த் தாள் மேல ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரிதான். பிளம்பர் அண்ணே ரெண்டு தடவையும் அதைத்தான் செஞ்சுட்டுப் போயிருக்காரு."

அனந்தலக்ஷ்மி வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சமைக்கப் போகலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாள். எழுந்திருக்க மனசு வரவில்லை.

முத்துமீனா தரையில் பக்கவாட்டாகப் படுத்துக்கொண்டாள். சிலிக்கானின் மேல்விளிம்பை ஒட்டி, சுவரோரமாகக் கட்டரைப் படுக்கவைத்து நீளமாக ஒரு கோடு இழுத்தாள். பிறகு தரையோரமாக இன்னொரு கோடு. டைல்ஸில் ஒரு கீறல் விழவில்லை. ஒரு முனையை இடுக்கியால் பிடித்து, டிரையரின் சூட்டைக் காட்டிக்கொண்டே மெல்ல இழுத்தாள். நுங்குத் தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. அடியில் கறுப்புப் பூஞ்சை பிடித்து, வழவழவென்று நாறியது. அனந்தலக்ஷ்மி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"உனக்கு அருவருப்பா இல்லையா?"

"இதெல்லாம் ஒரு நாத்தமா மாமி? கன்னுக்குட்டி வயித்துக்குள்ளயே செத்துக்கெடக்கும், கையை விட்டு வெளிய எடுப்போம். அதுக்கு முன்னால இது சாம்பிராணி."

முதல் அடுக்குக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருந்தது. அதற்கும் கீழே, வீடு கட்டியபோது வைத்தது மஞ்சளடித்துக் கெட்டியாகக் கிடந்தது. அதுதான் பாடாய்ப் படுத்தியது. இழுத்தால் துண்டு துண்டாக அறுந்தது. இரும்பால் சுரண்டினால் டைல்ஸில் கீறல் விழும் என்று, சூடு காட்டி இளக்கி, ஏடிஎம் கார்டின் விளிம்பால் தள்ளித் தள்ளி எடுத்தாள். கார்டு உடைந்தது. உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அனந்தலக்ஷ்மி கூப்பிட்டபோது, "நீங்க சாப்புடுங்க மாமி, இந்த மூலையை முடிச்சிட்டு வாரேன்" என்றாள். முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் போன பிறகும் அவள் விடவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து இடுக்கு முழுக்கத் துடைத்தாள். நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தாள். எங்கேயாவது வழுக்கினால் அங்கே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கார்டை எடுத்தாள். பூஞ்சை பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஊறவைத்து, கழுவி, டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து ஓடவிட்டாள்.

"இது நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நல்லாக் காயணும் மாமி. நாளைக்கு வச்சதுக்கு அப்பறம் ஒரு நாள் பூரா தண்ணி படக்கூடாது."

"அப்போ நீ எங்க குளிப்பே?"

"மருந்தகத்துல ஒரு பாத்ரூம் இருக்கு. திங்கக்கிழமை அங்க போயிக் குளிச்சுக்கிறேன்."

"அது வரைக்கும் இந்த அழுக்கோடவா இருப்பே? கீழ வந்து குளி."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அனந்தலக்ஷ்மிக்கு உறைத்தது. கீழ் வீட்டுக் குளியலறைக்குப் போகிற வழி அடுப்படியைத் தாண்டித்தான். இரண்டு வருடத்தில் முத்துமீனா கூடத்து வாசலைத் தாண்டி வந்ததில்லை. வா என்று தானும் கூப்பிட்டதில்லை. அது முத்துமீனாவுக்கும் தெரிந்திருந்தது. கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டு, "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க மாமி" என்றாள்.

அனந்தலக்ஷ்மி கீழே வந்தாள். சாம்பசிவம் சாயங்கால பூஜைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் செருப்பை மாட்டியபடி சொன்னார்:

"கீசர் போட்டிருக்கேன். அந்தப் பொண்ணைக் குளிக்கச் சொல்லு. காலைலேருந்து தரையில கிடக்கறா."

மாடியில் பேசுவது கீழே எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது அனந்தலக்ஷ்மிக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முத்துமீனா புதுச் சிலிக்கானை வைக்க ஆரம்பித்தாள். சுவரில் ஒரு வரிசை, தரையில் ஒரு வரிசை என்று காகித டேப்பை நேராக ஒட்டி, நடுவில் சின்ன இடைவெளி விட்டாள். டியூபின் மூக்கைச் சாய்வாக, சின்னதாக வெட்டினாள். துப்பாக்கி மாதிரி இருந்த கருவியில் அதைப் பொருத்தி விசையை அழுத்தினாள். வெள்ளையாகப் பிதுங்கி வந்தது. ஓரிடத்தில் கட்டியாகவும் ஓரிடத்தில் நூலாகவும் விழுந்தது. ஐஸ்குச்சியால் வழித்துச் சமப்படுத்தப் பார்த்தாள். குச்சியோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டு, மேடும் பள்ளமுமாக நின்றது.

"பரவாயில்லையே, அடைச்சிண்டுடுத்தே" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"இல்ல மாமி. இந்தா, இந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கும். அழிச்சிருவோம்."

அத்தனையையும் துணியால் வழித்தெடுத்து, ஸ்பிரிட் போட்டு, முதலிலிருந்து டேப் ஒட்டினாள். இரண்டாவது முறை நீளவாக்கு நன்றாக வந்தது. இரண்டு சுவரும் தரையும் சேருகிற முக்கில் மட்டும் வீங்கிக்கொண்டு நின்றது. அதற்காக எல்லாவற்றையும் மறுபடி வழித்துப் போட்டு, புது டேப் ஒட்டினாள். முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. அனந்தலக்ஷ்மிக்குத்தான் பொறுக்கவில்லை.

"யார்டி பாக்கப் போறா அதை? விட்டுடேன்."

"யாரும் பாக்க மாட்டாங்க. தண்ணி கண்டுபிடிச்சிரும்." அவள் சிரித்தாள். "என் கை தைக்கும் மாமி, அறுக்கும். தடவுறதுக்குத்தான் வளைய மாட்டேங்குது. எம்புட்டு நேரமானாலும் சரி, இன்னொரு டியூப் இருக்கு."

தண்ணீர் குடிக்க அனந்தலக்ஷ்மி கீழே வந்தாள். சாம்பசிவம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"விரலைத் தண்ணில தொட்டுண்டாளா?" என்றார் திடீரென்று.

"எதுக்கு?"

"நனைச்ச விரலால இழுக்கணும். காஞ்ச கையால தொட்டா சந்தனமும் அப்படித்தான், விரலோட வந்துடும். பிள்ளையார் முகமெல்லாம் கோடு கோடா ஆயிடும்."

சதுர்த்திக்கு அவர் செய்கிற சந்தனக் காப்பைப் பார்க்க வாடிப்பட்டியிலிருந்துகூட ஆள் வருவார்கள். சந்தனத்தை அப்பி, கன்னமும் தும்பிக்கையும் ஒரே வழுவழுப்பாக நிற்கும்படி விரலாலேயே இழைத்துவிடுவார். அனந்தலக்ஷ்மி அவரைப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொன்னா? நான் போய்ச் சொல்லி அவளுக்குப் புரியணுமா? நீங்களே வந்து சொல்லுங்கோ."

அவர் பேப்பரை மடித்தார். இரண்டாக மடித்து, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்தார். பிறகு எழுந்து படியேறினார். அனந்தலக்ஷ்மி பின்னாலேயே போனாள்.

மாடி வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்த முத்துமீனா அவசரமாக எழுந்தாள். நெற்றியில் ஒரு தீற்றல் சிலிக்கான். "வாங்க சார். வாங்க."

சாம்பசிவம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனார். முதலில் அவர் பார்த்தது சிலிக்கானை அல்ல. குனிந்து, டேப்புக்கு நடுவிலிருந்த வெறும் இடுக்கில் நகத்தை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். திரும்பவும் ஒருமுறை ஓட்டினார்.

"பழசையெல்லாம் நீங்களே எடுத்தேளா?"

"நான்தான் சார்."

"ஒரு பிசிறு இல்லையே. புதுக் கல்லாட்டம் இருக்கு."

முத்துமீனா நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "மூணு அடுக்கு இருந்துச்சு சார்" என்றாள்.

"நீங்க ஒரே சீரா பிதுக்கிண்டே வாங்கோ. நிறுத்தக் கூடாது. நான் பின்னாலேயே இழுத்துண்டு வரேன். ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி வேணும்."

அனந்தலக்ஷ்மி சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். முத்துமீனா முன்னால் நகர, சாம்பசிவம் மண்டியிட்டு அவளுக்குப் பின்னால் நகர்ந்தார். நடுவிரலைத் தண்ணீரில் தொட்டு, சிலிக்கானின் மேல் சாய்வாக வைத்து, அழுத்தாமல், எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்தார். மேடெல்லாம் அடங்கி, உள்பக்கம் லேசாகக் குழிந்து, பளபளவென்று ஒரு கோடு நின்றது. முக்கு வந்ததும் முத்துமீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையைத் தளர்த்தினாள். அவர் விரலைச் சற்றே புரட்டி, அந்த மூலையை ஒரு திருப்பில் அடக்கிவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்.

"முட்டி வலிக்கும் சார், இந்த மணையைப் போட்டுக்கங்க" என்றாள் முத்துமீனா.

"வலிக்கலை" என்றார் சாம்பசிவம்.

அனந்தலக்ஷ்மி கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கடைசியில் டேப்பை உரிக்க அவர் கை நீட்டியபோது முத்துமீனா தடுத்தாள். "அது என் வேலை சார். ஈரம் இருக்கையிலயே எடுக்கணும். நேரா இழுத்தாப் பிஞ்சிரும்." கோட்டுக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து, அவசரப்படாமல் இழுத்தாள். இரண்டு வரிசையும் போன பிறகு, சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது.

"சார் கை பட்டதும்தான் மாமி இம்புட்டு அழகா வந்துச்சு."

"நான் கடைசில தடவினதோட சரி" என்றார் சாம்பசிவம், விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டே. "அடியில சுத்தமா இல்லேன்னா மேல எத்தனை அழகாத் தடவினாலும் நிக்காது. நேத்து பூரா நீங்க பண்ணினதுதான் வேலை. நான் கீழ உக்காந்து கேட்டுண்டே இருந்தேன்."

திங்கட்கிழமை முழுக்கக் குளியலறைக் கதவு பூட்டியிருந்தது. முத்துமீனா கீழேயே குளித்துவிட்டு, அடுப்படியில் நின்று அனந்தலக்ஷ்மி கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை மூலை நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். அலமாரிச் சுவரில் புதிதாக எதுவும் இறங்கவில்லை. வாரக் கடைசியில் சுவர் தொட்டால் வறட்டென்று இருந்தது. ஊதாக் கோடு மட்டும் அழியவில்லை. அதன்மேல் இரண்டு தடவை சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. ஒரு நாள் காலையில் எதிர்வீட்டு விஸ்வநாத் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற அதிகாரி, சொந்தமாக இரண்டு மாடி வீடு.

"குருக்களே, உங்க மாடில இருக்கற பொண்ணு பாத்ரூம் ஒழுகறதை நன்னா அடைக்கறாளாமே. எங்காத்துலயும் ஒழுகறது. கொஞ்சம் அனுப்பி வையுங்கோளேன்."

முத்துமீனா முதன்முதலில் இந்தத் தெருவில் வீடு கேட்டது அவரிடம்தான். அன்றைக்கு அவர் ஊரைக் கேட்டுவிட்டு, 'வீடு விட்டாச்சு' என்று சொல்லியிருந்தார். அந்த வீடு பிறகு மூன்று மாதம் பூட்டியே கிடந்தது. அனந்தலக்ஷ்மி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் எப்படி அனுப்ப முடியும்? அவா டாக்டர்" என்றார் சாம்பசிவம். "மாடில இருக்கா. நீங்களே போய்க் கேளுங்கோ. படி அந்தப் பக்கம்."

விஸ்வநாத் கொஞ்சம் தயங்கிவிட்டுப் படியேறினார். முத்துமீனா வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். மேல்படியில் நின்றபடியே பேசினாள். வரமுடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் மற்றதையெல்லாம் சொன்னாள்: கட்டரை எப்படிப் படுக்கவைப்பது, சூடு எவ்வளவு காட்டுவது, நகத்தை ஓட்டிப் பார்ப்பது, டேப்பை எப்போது உரிப்பது. எந்தக் கடையில் எந்த டியூப் என்பதைக்கூட விடவில்லை. விஸ்வநாத் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டார். "ரொம்ப நன்றி டாக்டர்" என்று இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அனந்தலக்ஷ்மி படியடிக்கு வந்தாள்.

"அவருக்குப் போய் இவ்வளவு விவரமா ஏன் சொன்னே? நானா இருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அவரு வீட்டுக் கீழ்ப் போர்ஷன்ல ஒரு டீச்சர் கைக்குழந்தையோட குடியிருக்காங்க மாமி. தொட்டில் கட்டுற எடத்துக்கு மேலதான் ஒழுகுதாம். அவங்க என்ன செஞ்சாங்க?"

ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "வாரேன் மாமி. இன்னைக்கு ஒரு எருமைக்குக் கொம்பு ஒடைஞ்சிருக்கு, வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனையில் திரும்பினாள்.